சித்தேரி மேட்டுக்கு எந்த வண்டி

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த டைரி சிமெண்ட் கடைக்காரர் வருசப் பிறப்புக்குக் கொடுத்தது. வேலைக்குப் போகிற நாளில் ஊர்ப் பெயரும், எத்தனை மூட்டை கலந்தோம் என்பதும் எழுதுவேன். அவ்வளவுதான். முன்பக்கம் புரட்டினால் நாளுக்கு ஒரு வரி. ‘மொரப்பூர், 40 மூட்டை.’ ‘கீரைப்பட்டி, 35 மூட்டை, சாம்பாரில் உப்பு இல்லை.’ ஏப்ரல் பதினாறோடு அது நின்றுவிட்டது. அப்புறம் எல்லாம் வெள்ளைத் தாள். இவ்வளவு வழவழப்பான தாளைச் சும்மா விட மனசு வரவில்லை. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். அதிலும் பாதி நாள் வாத்தியாரைப் போல நடந்து காட்டி வெளியே நின்றவள். எழுத்து கோணலாக இருந்தால் தாள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் பூங்காவனம். அரூர் பக்கம். எங்களிடம் ஒரு கலவை மிஷின் இருக்கிறது. வீட்டுக்குத் தளம் போடும்போது ஜல்லி, மணல், சிமெண்ட் கொட்டிச் சுற்றுவார்களே, அது. சக்கரம் வைத்தது. பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போவோம். ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர் தீர்த்தகிரி. மாடிக்குக் கலவை ஏற்ற ஒரு மோட்டார் லிப்ட். சட்டி சுமக்க எட்டுப் பெண்கள். எட்டுப் பேருக்கும் தலைவி அலமேலு. எல்லோருக்கும் வாய் நான்.

ஏப்ரல் பதினேழாம் தேதி சித்தேரி மலையில் வெள்ளச்சி வீட்டுக்குத் தளம் போடப் போனோம். மூன்றாவது வளைவில் வண்டி பின்னால் உருண்டு பள்ளத்தில் சாய்ந்தது. அவர் இடது கால் கதவில் மாட்டி முறிந்தது. வண்டி ஒழிந்தது. மிஷினுக்கு ஒரு சொட்டைதான். வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மலைமேல் இருக்கிற சாமிக்குக் கும்பிடு.

என்ஜின் இழுக்கவில்லை. அவரே எல்லோரிடமும் சொன்னார்.

ஆடி முடிந்ததும் வேறு வண்டி எடுக்க வேண்டும். கேஸ் வண்டியா, டீசல் வண்டியா என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அவர் இன்று குச்சி இல்லாமல் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்தார். திரும்பி வந்து ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்துகொண்டார். நானும் பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்துக்கு நன்றி.

டாக்டர் அவர் காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார். “கம்பி கட்டிட்டாரு, இன்னும் கான்கிரீட் போடல. இருபத்தொரு நாள் தண்ணி ஊத்தணும்” என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னேன். நர்சு பெண் சிரித்து மருந்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். நாலு மாதமாக வருகிற ஆளுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். அவரும் ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்பது போலச் சிரிக்கிறார்.

ஆகஸ்ட் 6, புதன்

என் தம்பி மாதேஷ் வந்தான். ஓசூரில் கேஸ் வண்டி ஓட்டுகிறான். பஞ்சாயத்தில் அவன் கேஸ் கட்சி.

“மாமா, பாப்பாரப்பட்டிக்காரர் ஒருத்தரு கேஸ் பிக்கப் தர்றாரு. ரெண்டு வருசம்தான் ஓடியிருக்குது. சத்தமே இல்ல, பொகை இல்ல. கிளட்ச் பஞ்சு மாதிரி. உங்க இடது காலுக்கு அதான் லாயக்கு.”

“சமையலும் பண்ணிக்கலாமாடா?” என்றேன். “எட்டு பேருக்கு டீ போட்டுக்கினே போலாம்.”

“இவ ஒருத்தி. மாமா, நீங்க சொல்லுங்க.”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கேஸ் வேணாம் மாதேசு. இழுவை பத்தாது. அன்னைக்கே டீசலுக்கு இழுக்கல. கேஸு எங்க இழுக்கும்?”

“அன்னைக்கு எத்தன பாரம் மாமா?”

“எப்பவும் ஏத்தறதுதான்.”

“எப்பவும் ஏறுன வண்டி அன்னைக்கு மட்டும் ஏன் ஏறல?”

நான் அவனுக்கு இன்னொரு கரண்டி களி வைத்தேன். வாயில் களி இருந்தால் கேள்வி வராது.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெள்ளச்சி போன் செய்தாள். தளத்துக்குக் கட்டின கம்பி துருப்பிடிக்கிறதாம். மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொள்கிறாள். திட்டவில்லை. “அண்ணன் கால் எப்படி இருக்குது?” என்றுதான் முதலில் கேட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

மெக்கானிக் அஸ்கர் பாய் வந்தார். அவர் டீசல் கட்சி. பழைய வண்டியைப் பள்ளத்திலிருந்து ஏற்றி அவர் பட்டறையில்தான் போட்டிருக்கிறோம். பாய்க்கு எலுமிச்சை டீ கொடுத்தேன். மனிதர் எதையும் விவரமாகச் சொல்வார். நமக்குப் புரிகிற வரைக்கும் விட மாட்டார்.

“இத பாரு தங்கச்சி. டீசல் என்ஜின் எருமை. மெதுவா நடக்கும்போதே இழுக்கும். கேஸ் என்ஜின் குதிரை. வேகம் எடுத்தாத்தான் இழுவை வரும். சமதரையில ரெண்டும் ஒண்ணுதான். பின்னாடி மிஷினை மாட்டிக்கினு மேட்டுல நிறுத்தி, நின்ன எடத்துல இருந்து கெளப்பறம் பாரு, அங்கதான் கேஸ் வண்டி ஒரு நொடி தயங்கும்.”

“தயங்குனா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஒண்ணும் ஆவாது. மேடு வந்தா பெட்ரோலுக்கு மாத்திக்கலாம், கொஞ்சம் தெம்பு வரும். பாரத்த ரெண்டு நடையா பிரிச்சிக்கலாம். ஆனா பின்னாடி முட்டு வைக்கற ஆளு கரெக்டா இருக்கணும். வண்டி நின்ன உடனே மிஷின் சக்கரத்துக்குக் கட்டைய வச்சிடணும். டீசல்ல அது ஒரு காவல். கேஸ் வண்டியில டிரைவரு உசுரே அந்தக் கட்டையிலதான்.”

பால் பொங்குகிறது என்று நான் உள்ளே போனேன்.

எலுமிச்சை டீக்குப் பால் வைக்கவில்லை என்பது அடுப்பைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாதேஷ் வாசலில் நிற்கிற மிஷினுக்கு எண்ணெய் விட்டுச் சுற்றிப் பார்த்தான். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும். லீவு நாளில் வந்து அக்கா வீட்டு மிஷினுக்குத் துரு சுரண்டுகிறான்.

“அக்கா, மிஷின் ஆடுது. அந்த முட்டுக்கட்ட எங்க? புளிய மரத்துக் கட்டை, கைப்புடி வச்சிருப்பியே.”

“பள்ளத்துல போயிடுச்சிடா.”

“நல்ல கட்டை.”

“ஆமாம், நல்ல கட்டை.”

அவர் கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். மாதேஷ் இரண்டு செங்கல்லை வைத்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அலமேலு தயிர் கொண்டுவந்தாள். எங்கள் செட்டில் நாலு பேர் இப்போது வேறு மிஷின்காரரிடம் போகிறார்கள். அவளும்தான். அதைச் சொல்லத்தான் தயிர். நாலு மாதம் எனக்காக யார் பட்டினி கிடப்பார்கள்? போங்கள் என்று நான்தான் சொன்னேன்.

“அங்க எப்படி இருக்குது?”

“கூலி சரியா குடுக்கறாங்க அக்கா. ஆனா அந்த மிஷின்காரம்மா வாயே தொறக்காது. எட்டு மணி நேரம் சட்டி தூக்கினா எட்டு மணி நேரமும் சட்டிதான் தூக்கறோம்.”

“இங்க?”

“இங்க பாதி நேரம் வயித்தப் புடிச்சிக்கினு இருப்போம்.”

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருந்தது. அப்புறம் அவளாகவே, நான் கேட்காமலே, “அன்னைக்கு என்ஜின்தாங்க்கா சரியில்ல” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் தயிர்ச் சொம்பைப் பார்த்துச் சொன்னாள்.

போன வாரம் குப்பம்மாவும் இப்படித்தான் சொன்னாள். அதற்கு முந்தின வாரம் மல்லிகாவும். நான் ஒருத்தியிடமும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. கேஸ் பிக்கப்பை மாதேஷ் வாசலுக்கே ஓட்டிவந்துவிட்டான். வெள்ளை நிறம். முட்டை ஓடு மாதிரி பளபளப்பு. தெருவே கூடிவிட்டது.

“அண்ணி, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி நிக்கறீங்க” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“ஆமாம். எங்க வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு கால்ல கம்பி இருக்குது, பொண்ணு வீட்ல சம்மதமான்னு கேக்கணும்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான் ஸ்டியரிங் பிடிக்கிறார். கிளட்சை மிதித்தார், விட்டார், மிதித்தார். வலிக்கவில்லை போல. அவர் முகம் ஒரு நிமிஷம் பழைய மாதிரி ஆனது.

அப்புறம் என்னைப் பார்த்தார். இறங்கிவிட்டார்.

“டீசலே பாக்கலாம்.”

மாதேஷ் குதித்தான். “மாமா, டீசல் வண்டி நம்ம கைக்கு எட்டாது. லிப்டை வித்தாத்தான் முடியும். லிப்ட் இல்லன்னா இந்தப் பொம்பளைங்க மாடிக்கு ஏணியிலதான் சட்டி தூக்கணும். வயசு ஆவுதில்ல?”

“தெரியும். ஆனா இழுக்காத வண்டியில ஒரு தடவ பட்டாச்சு.”

“அக்கா, நீ சொல்லு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் நான். “அவரு சொன்னா சரி” என்றேன். எதிர்வீட்டுக்காரி வாயைப் பிளந்தாள்.

பாப்பாரப்பட்டிக்காரர் நல்ல மனிதர். இந்த மாதம் முழுக்க வேறு யாருக்கும் தர மாட்டேன் என்றாராம்.

ஆகஸ்ட் 20, புதன்

லிப்டை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் போன் செய்தார்கள். ரேஷனில் நல்ல அரிசி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அஸ்கர் பாய் கூப்பிட்டார் என்று பட்டறைக்குப் போனேன். வீட்டுக்காரரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது, நான் மட்டும்தான். பாய் பழைய வண்டியின் என்ஜினைக் கழற்றி இரண்டு டயர் மேல் வைத்திருந்தார். கழுவித் துடைத்து, பேட்டரி மாட்டி.

“தங்கச்சி, இதைக் கேளு” என்று ஒரு தட்டுத் தட்டினார். ஒரே தட்டில் எழுந்துகொண்டது. நாலு மாதம் தூங்கின என்ஜின். சத்தம் பிசிறில்லாமல் வந்தது. ரேஸ் கொடுத்தார். டயர் அதிர்ந்தது, என் கால் அதிர்ந்தது.

“பிரிச்சிப் பாத்துட்டன். ஒரு கோளாறு இல்ல. பம்பு நல்லா இருக்குது, கிளட்சு தட்டு நல்லா இருக்குது. இதுவா இழுக்கல? எனக்கு ஒண்ணும் புரியல. யாராவது வாங்கினா உங்களுக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இருக்கும்னுதான் ஓட்டிப் பாத்தன்.”

நாலு மாதமாக ஒரு பைசா வாடகை கேட்காமல் போட்டு வைத்தவர், எங்களுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று செய்த வேலை.

“நல்லது பாய்” என்றேன்.

“தீர்த்தகிரி கிட்ட சொல்லு.”

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். கீரைப்பட்டி சாம்பாருக்கு அந்த வீட்டுக்காரியை வாசலில் வைத்துக் கேலி செய்தவள் நான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

லிப்டைப் பார்க்கக் கம்பைநல்லூரிலிருந்து ஆள் வந்தான். சங்கிலியைத் தட்டிப் பார்த்தான், மோட்டாரை முகர்ந்து பார்த்தான். வியாழக்கிழமை முன்பணத்தோடு வருகிறேன் என்று போனான்.

அவன் போன கையோடு வெள்ளச்சி வந்து நின்றாள். மலையிலிருந்து பஸ் பிடித்து, தலையில் ஒரு மூட்டை. சாமை அரிசி, இரண்டு பலாக்கொட்டைப் பை, ஒரு பாட்டில் தேன். அறுபது வயசுக்காரி, ஒல்லிக் குச்சி. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு முதலில் அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

“என் வீட்டுக்கு வரப்போயி இப்படி ஆயிடுச்சி. ராவு பகலா மனசுல அதான். எங்க சாமிக்குக் காசு முடிஞ்சி வச்சிருக்கன்.”

“நீ என்னா பண்ணுவ வெள்ளச்சி? இழுக்காத வண்டி அது” என்றார் அவர்.

“இல்லண்ணா. நான் அவசரப்படுத்துனன். மழை வருது மழை வருதுன்னு போன் மேல போன் போட்டன். பாரத்த கொறச்சிக்கினு ரெண்டு நடையா வந்திருப்பீங்க. எம்மேலதான் தப்பு.”

வேறு மிஷின்காரர் அடுத்த வாரமே வந்து போட்டுத் தருகிறேன் என்கிறாராம். இவள் வேண்டாம் என்றிருக்கிறாள். “உங்க கால் ரத்தம் பட்ட வழி. நீங்க வந்து போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். ஐப்பசிக்குள்ள முடிஞ்சா சரி.”

நான் அவளுக்குச் சோறு போட்டேன். நன்றாகச் சாப்பிட்டாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இன்னைக்கு ஒண்ணும் பேசலயே பூங்காவனம், ஒடம்பு சரியில்லயா?” என்றாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வெள்ளச்சி, உன்மேல் தப்பு இல்லை. என்ஜின்மேலும் இல்லை.

மேட்டில் முட்டு வைப்பது என் வேலை. வேறு யாரையும் விட மாட்டேன். அவர் உயிர், என் கை. எட்டுப் பெண்களும் குறுக்குப் பாதையில் ஏறி அடுத்த வளைவில் போய் நிற்பார்கள். நான் மட்டும் கட்டையோடு மிஷின் பின்னால் நடப்பேன். வளைவில் அவர் வண்டியை நிறுத்தி முதல் கியர் போடுவார். நிறுத்தின உடனே சக்கரத்துக்குப் பின்னால் கட்டையை வைக்க வேண்டும். வண்டி கிளம்பினதும் கட்டையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பதினாறு வருசம் இப்படித்தான்.

அன்றைக்கு மூன்றாவது வளைவில் பெண்கள் மேலே பாறையில் நின்று என்னைப் பார்த்தார்கள். எட்டுப் பேர் பார்த்தால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கட்டையை மைக்கு மாதிரி பிடித்துக்கொண்டு அவரைப் போலப் பேசிக் காட்டினேன். மேடு வந்தால் அவர் என்ஜினோடு பேசுவார். ‘ஏறு ராசா, ஏறு தங்கம், இன்னும் கொஞ்சம்’ என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல. அதைத்தான் செய்து காட்டினேன். அலமேலு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வண்டி நின்றது எனக்குத் தெரியவில்லை.

திரும்பினபோது மிஷின் என் பக்கமாக வந்துகொண்டிருந்தது. நான் ஒதுங்கிவிட்டேன். அதுதான் நடந்தது. கட்டை என் கையில் இருந்தது, நான் ஒதுங்கிவிட்டேன்.

அவரைத் தூக்கினபோது முதல் வார்த்தையாக, “என்ஜின் இழுக்கல” என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கட்டை பள்ளத்தில் போகவில்லை. பின்பக்கம் விறகுக்கு அடியில் இருக்கிறது.

ஐந்தாவது படித்ததற்கு இவ்வளவு எழுதியதே பெரிசு. நாளைக்கு வாயால் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை லிப்டுக்கு ஆள் வந்துவிடுவான்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பதினொன்று பிடித்தேன். மதியம் சாப்பிட்ட பிறகு அவர் காலுக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்கு அதுதான் வசதி.

“ஏங்க, பாய் அந்த என்ஜினைக் கெளப்பிப் பாத்தாரு. ஒரு கோளாறும் இல்லியாம்.”

“ம்.”

“அன்னைக்கு என்ஜின் நல்லாத்தான் இருந்தது. நாந்தான் முட்டு வைக்கல. மேல பாத்து வாயடிச்சிக்கினு இருந்தன்.”

வெளியே பிள்ளையார் ஊர்வலத்துக்கு மேளம் கேட்டது. நான் தேய்த்த இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப கேஸ் வண்டியே எடுத்துடலாம்” என்றார்.

காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். “நான் சொன்னது கேட்டுச்சா? எம்மேல தப்பு. உங்க கால ஒடச்சது நானு.”

“கேட்டுச்சி. கண்ணாடியில பாத்தன் அன்னைக்கே. கட்டைய மைக்கு மாதிரி புடிச்சிக்கினு நின்ன.”

“பாத்தீங்களா?”

“பாத்துத்தான சொன்னன், என்ஜின் இழுக்கலன்னு. எட்டு பேரு முன்னால, எங்க அண்ணன் தம்பி முன்னால வேற என்னா சொல்றது? காலு போனா கட்டிக்கலாம். உன் பேரு போனா யாரு கட்டறது?”

நான் அழுதேன். அதை எழுத வெட்கமில்லை.

“அப்புறம் ஏன் டீசல் டீசல்னு நின்னீங்க?”

“என்ஜின் மேல பழி போட்டவன், அதவிட இழுவ கொறஞ்ச வண்டிய எப்படி எடுக்கறது? ஊரு கேக்காதா? நீயா சொல்ற வரைக்கும் எனுக்கு வேற வழியில்ல. நாலு மாசம் ஆவும்னு நெனைக்கல. ஒரு வாரத்துல சொல்லிடுவன்னு இருந்தன். உனக்குத்தான் வாய்ல எதுவும் தங்காதே.”

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் வந்தது எனக்கு.

“கேஸ் வண்டின்னா டிரைவர் உசுரு கட்டையிலன்னு பாய் சொன்னாரே. முட்டு வைக்கற ஆளு கரெக்டா இருக்கணும்னாரே.”

“இருக்குதே” என்றார். “விறகுக்கு அடியில கெடக்குது பாரு, அதை எடுத்து வெயில்ல வை. உளுத்துடப் போவுது.”

எழுந்தேன். “இரு” என்றார். “ஒண்ணே ஒண்ணு நாலு மாசமா கேக்கணும்னு இருந்தது. அன்னைக்கு என்னா பேசுன? அலமேலு உக்காந்து சிரிச்சாளே.”

செய்து காட்டினேன். ஏறு ராசா, ஏறு தங்கம், இன்னும் கொஞ்சம், என் கண்ணு இல்ல. அவர் கம்பி வைத்த காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டில் ஆடியது. “நான் அப்படியா பேசறன்?” என்றார். “இதவிட மோசமா” என்றேன்.

கொழுக்கட்டை பதினொன்றில் ஏழு அவரே சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கம்பைநல்லூர் ஆளுக்கு லிப்ட் இல்லை என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினேன். கட்டை வெயிலில் காய்கிறது.

வெள்ளச்சிக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். “அப்ப எம்மேல இல்லியா?” என்றாள். “உம்மேல இல்ல” என்றேன். “என் பாரத்த எறக்கி வச்சியே, நல்லா இரு” என்றாள். திட்டுவாள் என்று காதைத் தள்ளி வைத்துக்கொண்டு நின்றவள் நான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எட்டுப் பெண்களையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். பலாக்கொட்டைப் பொரியலும் சாமைச் சோறும். எல்லோரும் உட்கார்ந்ததும், “ஒரு விசயம் சொல்லணும்” என்று ஆரம்பித்தேன். வாய் குழறியது. பாதியிலேயே அலமேலு கையைக் காட்டினாள்.

“தெரியும்க்கா.”

“என்னா தெரியும்?”

“மேல நின்னு பாத்தது நாங்கதான? சிரிச்சது யாரு? நாங்க சிரிக்கலன்னா நீ எதுக்கு ஆடப்போற? அதுல எங்களுக்குப் பங்கு இல்லியா?”

“பின்ன ஏன்டி ஒவ்வொருத்தியா வந்து என்ஜின் சரியில்ல, என்ஜின் சரியில்லன்னீங்க?”

“அண்ணன் அப்படித்தான சொன்னாரு” என்றாள் குப்பம்மா. “அவரே சொல்றப்ப எங்களுக்கு என்னா?”

எட்டுப் பேர் நாலு மாதம் வாயை மூடி வைத்திருந்தார்கள். இந்த எட்டுப் பேரும்! இவர்களிடம் ஒரு ரகசியம் சொன்னால் நான் வீடு திரும்புவதற்குள் எனக்கே திரும்பி வரும். எனக்காக இந்த ஒன்றை மட்டும் வைத்திருந்தார்கள். வேறு இடத்தில் வேலைக்குப் போன நாலு பேரும்.

மல்லிகா மட்டும், “சாமைச் சோறு கொஞ்சம் கொழஞ்சிடுச்சிக்கா” என்றாள். நன்றி, மல்லிகா. இல்லாவிட்டால் மறுபடி அழுதிருப்பேன்.

செப்டம்பர் 1, திங்கள்

கேஸ் வண்டி வந்துவிட்டது. மாதேஷ் பெருமையைத் தாங்க முடியாமல் மூன்று தடவை கழுவினான். எலுமிச்சம்பழம் நாலு, டயருக்கு ஒன்று. அஸ்கர் பாய் வந்து பின்னால் கொக்கியைத் தட்டிப் பார்த்து, “டீசலா இருந்தா இன்னும் நல்லா இருக்கும். ஆனா நல்ல வண்டி” என்றார். கட்சி மாற மாட்டார். இரண்டு நாளைக்குப் பக்கத்து ஊர் சமதரையில் மிஷினை மாட்டி இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

செப்டம்பர் 3, புதன்

இழுக்கிறது. சத்தமே இல்லாததால் மிஷின் தானாக வருகிறதோ என்று நாய்கள் மிரள்கின்றன.

நாளைக்கு வெள்ளச்சி வீடு. மலையில் கேஸ் பங்க் கிடையாது. பைபாஸில் வரிசையில் நின்று சிலிண்டர் நிரப்பிவிட்டோம். பெட்ரோலும் இருக்கிறது. மிஷின் ஒரு நடை, லிப்ட் ஒரு நடை.

செப்டம்பர் 4, வியாழன்

விடிந்ததும் கிளம்பினோம். அடிவாரத்தில் அவர் பெட்ரோலுக்கு மாற்றினார். பெண்கள் குறுக்குப் பாதையில் போகவில்லை. எட்டுப் பேரும் என் பின்னாலேயே வந்தார்கள். நான் போங்கள் என்றேன், ஒருத்தியும் அசையவில்லை.

முதல் வளைவு. நின்றது. வைத்தேன். கிளம்பியது. எடுத்தேன். இரண்டாவது வளைவு. வைத்தேன், எடுத்தேன். மூன்றாவது வளைவில் பாறை அப்படியே இருக்கிறது. சாய்ந்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. வண்டி நின்றது. சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைச் செருகி, அதன் மேல் காலையும் வைத்துக்கொண்டேன். பாய் சொன்ன அந்த ஒரு நொடி வந்தது. வண்டி தயங்கியது. மிஷின் முழுப் பாரமும் கட்டையில் வந்து உட்கார்ந்தது எனக்குக் காலில் தெரிந்தது. கட்டை பிடித்துக்கொண்டது.

வண்டி கிளம்பவில்லை. முன்னாலிருந்து அவர் சத்தம் போட்டார்.

“என்னா பின்னால சத்தத்தையே காணோம்?”

“வேலையில இருக்கன்!”

“வேலையிலயே பேசு. உன் குரல் கேட்டாத்தான் நீ எங்க நிக்கறன்னு எனுக்குத் தெரியும்.”

அலமேலு என் முதுகில் ஒரு குத்து விட்டாள். நான் கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், மலைக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

“ஏறு ராசா! ஏறு தங்கம்! இன்னும் கொஞ்சம்!”

எட்டுப் பேரும் கூடக் கத்தினார்கள். அவரும் உள்ளேயிருந்து கத்தினார். வண்டி ஏறியது.

வெள்ளச்சி முதல் சட்டியை அவளே சுமந்து கொட்டினாள். ஆட்டுக்கறிக் குழம்பு. உப்பு சரியாக இருந்தது. எல்லோருக்கும் ஒரு துண்டு, அவருக்கு வேட்டி. சாயங்காலம் நாலு மணிக்குத் தளம் முடிந்தது.

கை வலிக்கிறது. இனிமேல் பழைய மாதிரி எழுதினால் போதும்.

சித்தேரி, வெள்ளச்சி வீடு. 46 மூட்டை. முட்டு 14 தடவை.